மலாக்காவுக்கு ஒரு ரயில் இருந்தது

பதிவு கொஞ்சம் நீளம். பூஜை வேலையெல்லாம் முடிந்த பிறகு, ஒரு காப்பியோடு உட்கார்ந்து படிங்க.

தைப்பூசம் வந்தாலே எங்களுக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "ஆயர் குரோவிலிருந்து பத்துமலைக்கு ரயிலில் போக முடியுமா?" முடியும். ஆனால் ஆயர் குரோவில் ஏற முடியாது, மலாக்கா டவுனிலும் ஏற முடியாது. அரை மணி, முக்கால் மணி நேரம் கார் ஓட்டி வடக்கே பூலாவ் செபாங் போகணும். அங்கே இருக்கிற நிலையத்தின் முழுப் பெயர் பூலாவ் செபாங்/தம்பின். பக்கத்து தம்பின் டவுன் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது, நிலையம் நிற்கிற மண் நம்ம மலாக்கா. அங்கிருந்து கொமுட்டரில் ஏறினால் வண்டி மாறாமல் நேராகப் பத்துமலை அடிவாரத்திலேயே இறங்கலாம். வழித்தடத்தின் ஒரு முனை பூலாவ் செபாங், மறுமுனை பத்துமலை. நம்ம மாநிலத்திலிருந்து புறப்படுகிற வண்டி முருகன் சந்நிதியில் போய் முடிகிறது என்றால் சும்மாவா? தைப்பூச நாட்களில் இரவு பகலாக வண்டி விடுகிறார்கள், சில வருஷம் இலவசமாகவும் விட்டிருக்கிறார்கள். சாதாரண நாளில் தெற்குப் பக்கம் வண்டிகள் குறைவு. அட்டவணையைப் பார்த்துவிட்டே கிளம்புங்க.

மலாக்கா மாநிலத்தில் இன்னொரு நிலையமும் உண்டு. ஜாசின் மாவட்டத்தில், கெமாஸ் போகிற வழியில், பத்தாங் மலாக்கா. சின்ன நிலையம், ஆள் நடமாட்டமும் குறைவு. பெரிய வண்டிகள் பலதும் அங்கே நிற்காமல் போய்விடும். ஆக மொத்தம் இரண்டு நிலையம், இரண்டும் மாநிலத்தின் வடக்கு ஓரத்தில்.

"இவ்வளவு பெரிய வரலாற்று ஊர், உலகமெல்லாம் சுற்றுப்பயணி வருகிற ஊர், இதுக்கு ஏன் ஒரு ரயில் இல்லை?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இருந்தது என்பதுதான் பதில். தம்பினிலிருந்து மலாக்கா டவுன் வரைக்கும் ஏறக்குறைய 34 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிளைப்பாதை ஒன்று இருந்தது. 1905ல் திறந்தார்கள். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடியது. அது எங்கே போனது என்பது நம்ம தமிழர்களின் கதை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் பின்னால் போகலாம். மலாக்காவில் தமிழர்கள் ரயிலோடு வந்தவர்கள் கிடையாது. பொய்யாத விநாயகர் கோயில் 1781லேயே எழுந்துவிட்டது. மலாக்கா செட்டிகளின் வேர் அதற்கும் முந்தையது. ஆனால் தோட்டத்துத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாக வந்தது ரப்பரோடும் ரயிலோடும்தான். மலாயாவின் முதல் ரயில் 1885ல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடியது. அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து வேலைப் படையைக் கூட்டி வந்தார்கள். வணிகத்துக்கான முதல் ரப்பர்த் தோட்டத்தை 1896ல் டான் சே யான் போட்டார். அது எங்கே தெரியுமா? நம்ம ஆயர் குரோவுக்குப் பக்கத்திலேயே இருக்கிற புக்கிட் லிந்தாங்கில். பிறகு குனோங் லெடாங் பக்கம் புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார்கள். மரம் வளர்ந்து பால் கொடுக்கத் தொடங்கும் காலமும் மலாக்காவுக்கு ரயில் வந்த காலமும் ஒன்றாகவே வந்தன. 1907ல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. அதன் பிறகு கங்காணி மூலம் வருகிறவர்களுக்குக் கப்பல் செலவை அந்த நிதியே ஏற்றது. தமிழ்நாட்டிலிருந்து வந்த சனம் பினாங்கில் இறங்கி, தடுப்பு முகாமில் இருந்து, பிறகு ரயிலேறித் தெற்கே வந்தது. நம்ம பாட்டன் பூட்டன் இந்த மண்ணை முதலில் பார்த்ததே ரயில் சன்னல் வழியாகத்தான்.

அந்தக் காலத்து ரயில்வேயில் தமிழர்கள் இரண்டு அடுக்காக இருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர், குமாஸ்தா வேலைகளில் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் நிறையப் பேர். வெயிலில் நின்று கம்பிச் சடக்கைக் காத்தவர்கள் தமிழ்நாட்டுத் தமிழர்கள். சல்லி போட்டு இறுக்குவது, கட்டையை மாற்றுவது, ஆணி கழன்றிருக்கிறதா என்று நடந்தே பார்ப்பது, மழை நாளில் மண் சரிந்தால் ஓடுவது எல்லாம் அவர்கள் வேலை. ஒவ்வொரு கேங்குக்கும் இத்தனை மைல் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கு லயம். லயத்துக்குப் பக்கத்தில் ஒரு மரம், அதன் அடியில் ஒரு கல், ஒரு சூலம். இன்றைக்கும் ரயில் பாதையை ஒட்டி முனீஸ்வரர் கோயில், மாரியம்மன் கோயில் என்று எத்தனை இருக்கிறது பாருங்க. "ஏன் இவ்வளவு ஒதுக்குப்புறத்தில் கோயில் கட்டினாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. கட்டினபோது அது ஒதுக்குப்புறம் இல்லை, அவர்கள் வாசல்.

சின்ன நிறுத்தங்களைப் பற்றியும் சொல்லணும். பெரிய ஸ்டேஷனில் மாஸ்டர், போர்ட்டர், சிக்னல் எல்லாம் இருக்கும். ஹால்ட் என்று சொல்லும் இடங்களில் ஒன்றும் இருக்காது. ஒரு மண் மேடை, ஒரு பெயர்ப்பலகை. கூரை இருந்தால் அதிர்ஷ்டம். கார்டுதான் டிக்கெட் கொடுப்பார். ஆனாலும் தோட்டத்து ஆளுக்கு அதுவே வெளி உலகத்தின் வாசல். டவுனுக்குப் போவது, ஆஸ்பத்திரிக்குப் போவது, திருவிழாவுக்குப் போவது, ஊரிலிருந்து வரும் உறவை அழைத்து வருவது எல்லாம் அந்த மேடையில்தான்.

இப்போது ஒரு தொழில்நுட்ப விஷயம். இது புரிந்தால்தான் மிச்சம் புரியும். மலாயாவின் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் ஒரு மீட்டர். சயாமிலும் அதே ஒரு மீட்டர். பர்மாவிலும் அதே. அதாவது இங்கே கழற்றின கம்பியை அங்கே கொண்டுபோய் போடலாம், இங்கே ஓடின இஞ்சினும் பெட்டியும் அங்கே அப்படியே ஓடும். மூன்று நாட்டையும் வசதியாக இணைத்த அந்த ஒரு மீட்டர்தான் நம்ம சனத்துக்கு எமனாக வந்தது.

1942 ஜனவரியில் ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்தான். அதே சமயத்தில் கெமாஸ் பக்கம், கெமென்சே பாலத்தருகே ஆஸ்திரேலியப் படை அவர்களை மறித்து அடித்தது. அது ஒருநாள் வெற்றிதான். பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. பர்மாவில் இருக்கும் தன் படைக்குச் சாமான் அனுப்ப ஜப்பானியருக்குக் கடல் வழி ஆபத்தாகிவிட்டது. ஆகவே சயாமிலிருந்து மூன்று பகோடா கணவாய் வழியாக, காட்டையும் மலையையும் அறுத்துப் பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட முடிவு செய்தார்கள். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். அவ்வளவு பாதைக்குக் கம்பி வேணுமே! பிடித்த நாடுகளில் ஏற்கனவே கிடந்ததைக் கழற்றினார்கள்.

எதைக் கழற்றுவது? சிங்கப்பூரிலிருந்து வடக்கே போகும் முக்கியப் பாதையைத் தொட முடியாது, அது அவர்களுக்கே வேணும். கிளைப்பாதைதான் கைக்கு வரும். கிழக்குக் கரைப் பாதையில் நீண்ட பகுதியைப் பிடுங்கினார்கள். தம்பின்–மலாக்கா பாதையை முழுசாகவே பிடுங்கினார்கள். 34 கிலோமீட்டரும் போயிற்று.

கம்பிக்குப் பின்னால் ஆட்களும் போனார்கள். முதலில் ஆசை காட்டினார்கள். நல்ல கூலி, சாப்பாடு, கொஞ்ச மாசத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். ரப்பர் வாங்க ஆள் இல்லாமல் தோட்டங்களில் வேலை முடங்கிக் கிடந்த நேரம். அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. சிலர் நம்பிப் போனார்கள். போனவர்களிடமிருந்து சேதி வராதபோது யாரும் போகவில்லை. பிறகு பிடித்தார்கள். காலைப் பெரட்டில் நின்றவர்களை அப்படியே லாரியில் ஏற்றியது, இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்தியது என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு கதை இருக்கிறது. சாமான் ஏற்றும் மூடின பெட்டிகளில் நெருக்கி ஏற்றினார்கள். நாள் கணக்கில் பயணம். ஜொகூர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வடக்கே போன வண்டிகளுக்கும் கெமாஸ், தம்பின், சிரம்பான் வழிதான். நாம் இன்று பத்துமலைக்குப் போக ஏறும் அந்த நிலையத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்க. ஏறக்குறைய 60,000 போர்க்கைதிகள் அங்கே வேலை செய்தார்கள், 12,000க்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேர் வரை. அதில் செத்தவர்கள் 90,000 வரை என்பது பரவலாகச் சொல்லும் கணக்கு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000க்கு மேல் போனார்கள், அதில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். காலரா, மலேரியா, வயிற்றுப்போக்கு, ஆறாத புண், பட்டினி. கைதிகளோடு ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், செத்தவன் பெயரை எழுதி வைக்க ஆள் இருந்தது. நம்ம ஆட்களுக்கு யாரும் இல்லை. காஞ்சனபுரியில் இருக்கும் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேர் வரிசையாக அடக்கமாகியிருக்கிறார்கள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, பெயர் பொறித்த தகடு பதித்துப் பராமரிக்கிறார்கள். அவர்களுக்கு அந்த மரியாதை கிடைத்ததில் நமக்கு ஒரு மனக்குறையும் இல்லை. கிடைக்க வேண்டியதுதான். ஆனால் பக்கத்தில் நம்ம தாத்தா எங்கே கிடக்கிறார் என்று கேட்டால் காட்டைத்தான் காட்ட முடியும்.

பெண்களின் பாடு தனி. புருஷன் சயாமுக்குப் போயிருக்கிறான். செத்தானா, இருக்கிறானா தெரியாது. தாலியைக் கழற்றுவதா, வைத்திருப்பதா? நெற்றியில் பொட்டு வைப்பதா? பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் மணவறையில் நிற்பதா, ஓரமாக உட்காருவதா? சண்டை முடிந்து வருஷக்கணக்காகியும் வாசலைப் பார்த்துக் காத்திருந்த பாட்டிமார் கதையை நம்ம பக்தர்கள் பலர் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவல் 1993ல் வந்தது. படிக்காதவர்கள் தேடிப் படிங்க. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கிடைக்காத பல விஷயம் அதில் இருக்கிறது.

சண்டை முடிந்த பிறகு நடந்ததைக் கேளுங்க. அந்தப் பாதையின் சயாம் பகுதியைப் பிரிட்டிஷார் 1946ல் தாய்லாந்து அரசாங்கத்துக்கு விற்றார்கள். விலை 12,50,000 பவுன். அந்தப் பணம், பக்கத்து நாடுகளில் கழற்றிப்போன ரயில் சாமான்களுக்கு ஈடாகப் போனது. அதாவது கம்பிக்குக் கணக்குப் பார்த்தார்கள். எத்தனை மைல், எத்தனை டன், என்ன விலை என்று எல்லாவற்றுக்கும் ஏடு இருந்தது. மனுஷனுக்கு ஏடே இல்லாதபோது யார் கணக்குப் பார்ப்பது? இதை எழுதும்போதே எங்களுக்கு மனசு கொதிக்கிறது.

கிழக்குக் கரைப் பாதையைத் திரும்பப் போட்டார்கள். 1950களின் தொடக்கத்தில் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. மலாக்காவுக்கு யாரும் திரும்பப் போடவில்லை. மலாக்காத் துறைமுகம் ஏற்கனவே மண் தூர்ந்து சிறுத்துப்போயிருந்தது, பஸ்ஸும் லாரியும் பெருகிவிட்டன, 34 கிலோமீட்டர் சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். செலவு செய்யக் காரணம் கிடைக்கவில்லை போலும். எங்கள் கருத்தைக் கேட்டால், போட்டிருக்கணும். கிளைப்பாதை இருந்திருந்தால் மாசி மகத்துக்குச் சன்னாசிமலைக்கு வருகிற வெளியூர் சனம் இப்படி நெரிசலில் மாட்டிக்கொள்ளாது. சரி, அது வேறு பேச்சு.

நம்ம ஆயர் குரோவுக்கும் ஒரு ரயில் கனவு வந்து போனது, ஞாபகம் இருக்கா? கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயிலுக்கு 2016 டிசம்பரில் இரு நாடும் ஒப்பந்தம் போட்டன. அதில் மலாக்காவுக்கான நிலையம் இங்கே, ஆயர் குரோவில் என்றுதான் திட்டம். நிலம் விலை ஏறும் என்று காப்பிக் கடையெல்லாம் அதே பேச்சு. 2020 டிசம்பர் 31ல் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. கோயில் விஸ்தரிப்புக்கு இடம் தேடியபோது எங்களிடம்கூடச் சிலர், "ரயில் வரப்போகுது, இப்ப விற்க மாட்டோம்" என்றார்கள். இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை.

நல்லதையும் சொல்லணும். சிரம்பானிலிருந்து கெமாஸ் வரைக்கும் மின்சார இரட்டைப் பாதை போட்டார்களே, 2013ல் முடிந்ததே, அதைப் போட்டது இந்திய அரசு நிறுவனமான இர்கான். பூலாவ் செபாங்கில் நாம் இன்று ஏறும் மேடை, மின்தூக்கி, மேம்பாலம் எல்லாம் அந்த வேலையில் வந்தவைதான். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தியாவிலிருந்து வந்தவன் தலையில் சல்லி சுமந்தான். இந்தமுறை வந்தவர்கள் பொறியாளர்கள், கையில் வரைபடம். தம்பின் பக்கம் போகும்போதெல்லாம் இது எங்களுக்கு நினைவு வரும்.

2023ல் இன்னொரு காரியமும் நடந்தது. காஞ்சனபுரியில் ஒரு புத்தர் கோயில் வளாகத்தில், மரண ரயிலில் மாண்ட தமிழர்களுக்காக நடுகல் எழுப்பினார்கள். மலேசியத் தமிழர்கள் முன்னின்று செய்தார்கள், தமிழ்நாட்டு அரசும் நிதி கொடுத்தது. நடுகல் நமக்குப் புதுசு இல்லையே. வெட்சி, கரந்தை காலத்திலிருந்து செத்தவனுக்குக் கல் நட்டு, மாலை போட்டு, படையல் வைத்த சனம் நாம். எண்பது வருஷம் கழித்தாவது அந்தக் காட்டு மண்ணில் ஒரு கல் நின்றது. சயாம் பகுதியில் பாதி தூரம்கூட இல்லாவிட்டாலும், நாம் தோக் வரைக்கும் அந்தப் பாதையில் இன்றும் வண்டி ஓடுகிறது. சுற்றுப்பயணிகள் குவாய் ஆற்றுப் பாலத்தில் படம் எடுக்கிறார்கள். நம்ம ஆட்கள் அங்கே போனால் பாலத்தோடு திரும்பிவிடாமல் அந்தக் கல்லுக்கும் ஒரு பூமாலை வாங்கிப் போங்க.

இனி நம்ம கோயில் விஷயம். செத்த நாள் தெரிந்தால் திதி கொடுக்கலாம். தெரியாதவர்களுக்கு என்ன செய்வது என்று கேட்டால், புரட்டாசி மகாளய அமாவாசையில் கொடுக்கலாம் என்பதுதான் நம்ம வழக்கம். காணாமல் போனவர்கள், எங்கே எப்போது போனார்கள் என்று தெரியாதவர்கள் எல்லாருக்கும் அந்த நாள் பொது. சயாமுக்குப் போய்த் திரும்பாத நம்ம மலாக்காத் தோட்டத்து ஆட்களின் பெயரைச் சொல்லி, வரும் மகாளய அமாவாசையன்று எள்ளும் தண்ணீரும் இறைத்து, மாலையில் மோட்ச தீபம் ஏற்ற ஏற்பாடு செய்கிறோம். கட்டணம் எதுவும் கிடையாது.

ஆனால் பெயர் வேணும். "சயாமுக்குப் போனவங்க எல்லாருக்கும்" என்று மொத்தமாகச் சங்கல்பம் பண்ணுவதில் எங்களுக்குத் திருப்தி இல்லை. எண்பது வருஷமாக அவர்கள் மொத்தக் கணக்காகத்தானே இருந்தார்கள்! வீட்டில் 85, 90 வயசு தாண்டிய பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க. அவசரம் எதற்கு என்று கேட்காதீங்க. போனவர்களை நேரில் பார்த்தவர்கள் இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று உங்களுக்கே தெரியும். தோட்டங்கள் பலதும் இப்போது இல்லை. வீடமைப்புப் பகுதி, செம்பனை, கோல்ப் மைதானம் என்று மாறிவிட்டன. லயம் போனபோது பக்கத்து வீட்டுக்காரரும் எங்கோ போய்விட்டார். ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவர் சரிபார்க்கக்கூட வழி குறைந்துகொண்டே வருகிறது.

எழுதிக் கொடுக்க வேண்டியது இவ்வளவுதான்: போனவர் பெயர் (கூப்பிடு பெயர் மட்டும் தெரிந்தால் அதுவே போதும்), எந்தத் தோட்டம், அவருக்கு நீங்கள் என்ன உறவு. குலதெய்வம் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்க. கோத்திரம் தெரியாவிட்டால் கவலை வேண்டாம், குருக்களிடம் பேசிவிட்டோம். பெயரே தெரியாமல் "எங்க ஆயாவோட முதல் வீட்டுக்காரர்", "பெரிய தாத்தாவோட தம்பி" என்று மட்டும் தெரிந்தாலும் அப்படியே எழுதிக் கொடுங்க, அப்படியே வாசிப்போம். வெள்ளி, செவ்வாய் மாலை பூஜை நேரத்தில் பிரசாதம் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தடித்த நோட்டு வைத்திருக்கிறோம், பேனா கட்டியிருக்கும். நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் சொல்லி அனுப்புங்க, தொண்டர்கள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து கேட்டு எழுதிக்கொள்வார்கள்.